மலை மாத்திரை

இந்தக் கட்டுரையில் சரிபார்த்த செய்திகளை மட்டுமே எழுதுகிறேன். சரிபார்க்காத ஒரு செய்தியைப் பதினெட்டு ஆண்டுகள் நம்பியிருந்ததனால், மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டே நான்கு நாள்கள் அதை உண்ணாமல் இருந்தேன். அந்த நான்கு நாள்களின் அச்சம் நானே தேடிக்கொண்டது. இதைப் படிக்கும் இன்னொருத்தி என் சொல்லை நம்பி அப்படி ஒன்றைத் தேடிக்கொள்ளக் கூடாது. ஆகவே நாள்கணக்கைப் பள்ளி நாட்குறிப்பிலிருந்து எடுத்தேன்; மாதவிலக்கு வரும் நாளின் ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பது என் வழக்கம். மருத்துவச் செய்திகளை மருத்துவரின் சீட்டுகளோடு ஒப்பிட்டேன். பேச்சுகளைப் பேசியவர்களிடமே படித்துக் காட்டினேன். மருந்துக்கடைக்காரர் மட்டும், "நான் இவ்ளோ மரியாதையா பேசியிருக்க மாட்டேனே மேடம்" என்றார். அவர் திருத்தியவாறே அவர் பேச்சைத் தந்திருக்கிறேன். மருந்தின் பெயரையும் அளவையும் தரவில்லை. அது என் உடலைப் பார்த்து எனக்கு எழுதப்பட்டது.

சித்தூரில் ஒரு பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன். இது நிகழ்ந்தபோது எனக்கு வயது நாற்பத்து மூன்று. மகள் வெளியூரில் கல்லூரியில் படிக்கிறாள். கணவர் ஸ்ரீ சிட்டியில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர்; சனிக்கிழமை மாலை வந்து திங்கள் விடியலில் போய்விடுவார். அவருடைய அண்ணன் குடும்பம் திருப்பதியில் இருக்கிறது. அண்ணன் மனைவி எனக்கு ஓரகத்தி. நான் அவளை அக்கா என்று அழைப்பேன். நாங்கள் இருவருமே நகரியை அடுத்த ஊர்களிலிருந்து இந்தக் குடும்பத்துக்கு வந்தவர்கள்.

திருப்பதியில் வீடு இருப்பவர்களுக்கு உறவினர் வருகை ஓயாது. மலைக்குப் போகும் ஒவ்வொரு குடும்பமும் முதல் நாளே வந்து அக்கா வீட்டில் தங்கும். சேவைச் சீட்டு மாதங்களுக்கு முன்பே கைபேசியில் உறுதியாகிவிடும். குறித்த நாளை மாற்ற முடியாது. பெண்ணுடலின் நாள்கணக்கோ அதற்குக் கட்டுப்படாது. ஆதலால் அக்கா வருகிற பெண்களுக்கு ஒரு வாரம் முன்னதாகவே தொலைபேசியில் கேட்டுவிடுவாள், மறந்திருந்தால், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்பாள்: "தேதி எப்போ?" அந்தத் தேதி மலைக்குப் போகும் நாளுக்கு நெருக்கமாக இருந்தால் சமையலறை அலமாரியில் பெருங்காய டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கும் எவர்சில்வர் பெட்டி திறக்கப்படும். அதிலிருக்கும் மாத்திரைக்கு எங்கள் குடும்பத்தில் மலை மாத்திரை என்று பெயர். மலையேறுவதற்குச் சில நாள்கள் முன்பு தொடங்கி, தரிசனம் முடிந்து கீழே இறங்கும்வரை உண்டால் மாதவிலக்கு தள்ளிப்போகும். மணமாகி வந்த ஆண்டு தொடங்கி நானும் அவ்வாறே உண்டிருக்கிறேன். மருத்துவர் யாரையும் கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றியதும் இல்லை.

சென்ற ஆண்டுக் கடைசியில் ஒரு மாதம் புள்ளி வைக்க வேண்டிய நாள் கடந்து போயிற்று. மலைக்கு அந்தச் சமயத்தில் போகவில்லை. மாத்திரை எதுவும் உண்ணவுமில்லை. முப்பத்தைந்தாம் நாள், பள்ளித் தேர்வுக்கால அலைச்சல் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நாற்பதாம் நாள் வேறு ஏதோ கேட்க அக்கா பேசியபோது வாய்தவறிச் சொல்லிவிட்டேன்.

"இன்னாடி, முழுகாம கீறியா?" என்றாள்.

"சும்மா இருக்கா. பொண்ணு காலேஜ் போறா."

"போனா இன்னா? அவளே தூக்கி வச்சிக்குவா. வெக்கப்படாம சொல்லு, பிரசவம் பாக்க நான் வரேன்."

"அதெல்லாம் இல்லக்கா. வீட்லயே சோதிச்சுப் பாத்துட்டேன். இல்ல."

அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது. "அப்ப இன்னாவாம்?" என்று மெதுவாகக் கேட்டாள். அவளுக்கு என் அம்மாவின் கதை தெரியும்.

என் அம்மாவுக்கு நாற்பத்து நான்காம் வயதில் இரண்டு மாதம் மாதவிலக்கு வரவில்லை. பின்பு வந்தது, வந்தது நிற்கவில்லை. வேலூர்ப் பெரிய மருத்துவமனைக்கு அழைத்துப் போனார்கள். கருப்பையை எடுத்தார்கள். அதன்பின் இரண்டு ஆண்டுகள் இருந்தார். சித்தூரிலிருந்து வேலூர் ஒரு மணி நேரப் பயணந்தான். துணியெடுக்கவும் போவோம், திருமணத்துக்கும் போவோம். ஆனால் ஒருவரைப் பற்றி "வேலூருக்கு இட்டுனு போயிருக்காங்க" என்று எங்கள் பக்கம் சொன்னால், கேட்பவர் மேற்கொண்டு எதுவும் கேட்க மாட்டார். என் தேதி தள்ளிப்போனதிலிருந்து எனக்குள் ஓடியது அந்த ஒரு வாக்கியந்தான். வகுப்பில் பிள்ளைகளுக்குச் செய்யுள் சொல்லிக் கொடுக்கும்போதும் ஓடியது.

நாற்பத்தேழாம் நாள் சனிக்கிழமை. திருப்பதியில் அக்கா தெரிந்து வைத்திருந்த ஒரு மகளிர் மருத்துவரிடம் போனேன். என்னைவிடச் சற்று இளையவர். தாய்மொழி தெலுங்கு, தமிழும் நன்றாகப் பேசுகிறவர். முதலில் கருத்தரிப்பு இல்லை என்பதைத் தாமே மீண்டும் சோதித்து உறுதி செய்துகொண்டார். தைராய்டுக்கு இரத்தம் எடுக்கச் சொன்னார். ஸ்கேன் பார்த்தார்.

"கருப்பைக்குள்ள படலம் கொஞ்சம் தடிப்பா இருக்கும்மா. தேதி தள்ளிப்போனா அப்படி இருக்கிறதுதான். வரவழைக்க மாத்திரை எழுதுறேன், அஞ்சு நாள் போடுங்க. முடிச்ச பத்து நாளுக்குள்ள வரணும். வரலைன்னா, இல்ல வந்தும் தடிப்பு குறையலைன்னா, கொஞ்சம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பணும்."

பரிசோதனை என்ற சொல்லுக்குப் பின் அவர் சொன்னதை நான் கேட்கவில்லை. வெளியே நிறையப் பெண்கள் காத்திருந்தார்கள். சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்துவிட்டேன். கேள்வி கேட்காத மாணவர்களைக் கடிந்துகொள்கிற தொழில் என்னுடையது. அன்று நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

மறுநாள் காலை சித்தூரில், வீட்டுக்கு அருகிலுள்ள மருந்துக்கடையில் சீட்டைக் கொடுத்தேன். கடைக்காரர் ஐம்பதைக் கடந்தவர், தெலுங்கு கலந்து பேசுகிறவர், எங்கள் தெருவுக்கே மருந்து கொடுப்பவர். அட்டையை எடுத்து மேசைமேல் போட்டார். பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது.

"சார், இது மலை மாத்திரை" என்றேன்.

"எந்த மலை?"

"திருமலைக்குப் போகும்போது தள்ளிப் போடறதுக்குச் சாப்பிடுவோமே, அது."

"ஆமா, அதுக்கும் இதான்."

"எனக்குத் தள்ளிப்போகக் கூடாது சார். வரணும்."

"வரதுக்கும் இதான் மேடம்."

"ஒரே மாத்திரை நிறுத்தவும் செய்யும், வரவும் வைக்குமா?"

அவர் சீட்டை என் பக்கம் திருப்பி, எழுத்தின்மேல் விரலை வைத்தார். "இன்னா எழுதிகீதோ அதான் குடுத்தேன். நான் இன்னா, வூட்ல செஞ்சா எடுத்துனு வந்தேன்? தப்பு லேது மேடம். டீச்சருங்களுக்கு எதப் பாத்தாலும் பரிச்சை பேப்பருதான். செவப்புப் பேனாவோட வந்துடுறீங்க."

வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். உண்ணவில்லை. என் ஆராய்ச்சி இவ்வாறு சென்றது: திருப்பதி மருத்துவரிடம் வருகிற பெண்களில் பெரும்பாலோர் தள்ளிப்போடத்தான் கேட்பார்கள். நாள் முழுதும் அதையே எழுதும் கை எனக்கும் அதையே எழுதிவிட்டது. கடைக்காரர் தம் பிழையன்று என்று காட்ட ஏதோ சொல்கிறார். இந்த முடிவு எனக்கு மிகவும் ஒழுங்கானதாகத் தோன்றியது. எங்கும் ஓட்டையில்லை.

கணவர் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தார். "அண்ணிய ஒரு வார்த்தை கேட்டுடேன். திருப்பதிக்கே அவங்கதான மாத்திர குடுக்கறாங்க" என்றார். கேலியாகத்தான் சொன்னார். நான் உண்மையாகவே கேட்டேன்.

"ஐயய்யோ, துன்னுடாதடி!" என்றாள் அக்கா. "அது நிறுத்தறது. ஏற்கெனவே நின்னுகினு கீது, அதுக்கு மேல பூட்டு வேற போடுவியா? அந்தம்மா கைப்பழக்கத்துல எழுதிட்டுக்கீது. நீ தொடாத."

இருவர் ஒன்றையே சொன்னால் அது உறுதி என்று எடுத்துக்கொண்டேன். அவளுக்கும் எனக்கும் அந்த அறிவு ஒரே எவர்சில்வர் பெட்டியிலிருந்து வந்தது என்பதை எண்ணிப் பார்க்கவில்லை.

திங்கள், செவ்வாய், புதன் கழிந்தன. மருத்துவமனைக்குத் தொலைபேசியில் பேசினேன். மருந்து பற்றி டாக்டரம்மாவை நேரில்தான் கேட்க வேண்டும் என்று வரவேற்பிலிருந்த பெண் சொன்னாள். சனிக்கிழமைவரை பொறுக்கலாம் என்று முதலில் நினைத்தேன். புதன்கிழமை கரும்பலகையில் நாள் எழுதும்போது ஐம்பத்தொன்று என்று எழுதிவிட்டேன். முதல் வரிசைப் பெண் ஒருத்தி, "மிஸ், மாசத்துல அத்தன நாளு ஏது?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. அழித்துவிட்டுச் சரியாக எழுதினேன். அன்று மாலையே விடுப்புக்கு எழுதிக் கொடுத்தேன்.

வியாழக்கிழமை காலை ரயிலில் போனேன். பாகாலா சந்திப்பில் வண்டி வழக்கம்போல் நின்றது. எதிர் இருக்கையில் இரண்டு பெண்கள் மலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒருத்தி தண்ணீர்ப் புட்டியைத் திறந்து மாத்திரை ஒன்றை விழுங்கினாள். அட்டையின் நிறத்தைப் பார்த்தேன். மலை மாத்திரைதான். என் முடிவுக்கு அது இன்னொரு சான்று என்று அப்போது நினைத்தேன்.

அக்கா நிலையத்துக்கே வந்திருந்தாள். மருத்துவர் அறைக்குள் எனக்கு முன்னால் அவள் நுழைந்தாள். "மேடம், தப்பா நெனைக்காதீங்க. நீங்க மாத்தி எழுதிட்டீங்க" என்று நின்றபடியே தொடங்கினாள்.

மருத்துவர் என் கையிலிருந்த அட்டையை வாங்கிப் பார்த்தார். ஒரு மாத்திரையும் குறையவில்லை. "நாலு நாளாச்சு. ஒண்ணுகூடப் போடலையா?"

"இல்ல மேடம்" என்றேன். தேர்வெழுதாமல் வந்த மாணவியைப் போல நின்றேன்.

அவர் பேனாவை மூடி வைத்தார். மலை என்பதற்குத் தெலுங்குச் சொல்தான் அவர் வாயில் வந்தது. "கொண்டைக்குப் போறதுக்கு முன்னாடி இதைத்தான் போடுவீங்களா?"

"ஆமா, பதினெட்டு வருஷமா."

"எப்ப நிறுத்துவீங்க?"

"தரிசனம் முடிஞ்சு கீழ வந்ததும்."

"அப்புறம்?"

அக்கா முந்திக்கொண்டாள். "அப்புறம் இன்னா, மூணாம் நாளு வந்துடும். பஸ்ஸுகூட லேட்டாவும், அது ஆவாது."

"யாரு வரச் சொன்னா அதை?"

அக்கா என்னைப் பார்த்தாள், நான் அட்டையைப் பார்த்தேன்.

"மாத்திரை வயித்துல இருக்கிற வரைக்கும் உள்ள படலத்துக்கு முட்டு குடுத்த மாதிரி நிக்கும். முட்டு எடுத்தா விழும். கொண்டைக்குப் போறவங்க முட்டு குடுக்கிறதுக்காகப் போடுறாங்க. உங்களுக்கு நான் எடுக்கிறதுக்காகவே குடுக்கறேன். மாத்திரை வரவைக்காதும்மா. அதை நிறுத்துறதுதான் வரவைக்கும். அன்னிக்கே சொல்லியிருக்கணும், கூட்டத்துல விட்டுட்டேன்."

எத்தனை முறை மலையிலிருந்து இறங்கி வந்திருக்கிறேன்! எத்தனை மூன்றாம் நாள்கள்! அக்கா வீட்டுப் புழக்கடையில் துணி அலசிக்கொண்டே, தள்ளி வைத்தது திரும்பி வந்துவிட்டது என்று நானே சொல்லியிருக்கிறேன். விழுங்கியதை மட்டும் மருந்தின் வேலை என்று கணக்கில் கொண்டேன். விழுங்காமல் விட்டதைக் கணக்கில் கொள்ளவேயில்லை. கடைக்காரர் சரியாகத்தான் சொல்லியிருந்தார்.

மருத்துவர் அக்காவின் பக்கம் திரும்பினார். "நீங்கதான் எல்லாருக்கும் எடுத்துக் குடுப்பீங்களாமே?"

"சொந்தக்காரங்களுக்கு மட்டுந்தான் மேடம்."

"சொந்தக்காரங்கன்னா உடம்பெல்லாம் ஒண்ணா? சில பேருக்கு இது கால்ல ரத்தம் கட்டிடும். கர்ப்பமா இருக்கிறது தெரியாமலே ஒருத்தி வாங்கிப் போட்டா? இனிமே யாருக்கும் கையால எடுத்துக் குடுக்காதீங்க. டாக்டரைப் பாக்கச் சொல்லுங்க."

வெளியே வந்ததும் அக்கா, "இத்தினி வருசமா நானே ஒரு டாக்டராட்டம் இருந்துகினு கீறேன் பாரு" என்றாள். சிரிக்க முயன்றாள், முடியவில்லை. அந்தப் பெட்டியில் இப்போது கிராம்பும் ஏலக்காயும் இருக்கின்றன. நேரில் பார்த்தேன்.

அன்று மாலையே தொடங்கி ஐந்து நாள்கள் சீட்டில் எழுதியவாறே உண்டேன். கடைசி மாத்திரை ஐம்பத்தாறாம் நாள், திங்கட்கிழமை. பின்பு காத்திருப்பு. மூன்றாம் நாளாகிய வியாழக்கிழமை வந்துவிடும் என்று உறுதியாக இருந்தேன், வரவில்லை. இரண்டு நாளிலும் வரலாம், ஒரு வாரமும் ஆகலாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். ஆயினும் என் உடல் பதினெட்டு ஆண்டுகளாக அறிந்த மூன்றாம் நாள் கடந்துவிட்டபோது அம்மாவின் முகந்தான் நினைவுக்கு வந்தது. ஒவ்வொரு இடைவேளையிலும் ஆசிரியர் கழிப்பறைக்குப் போய் வந்தேன். அக்கா நாள்தோறும் காலையில் அழைத்து, "வந்துச்சா?" என்று ஒரே சொல் கேட்டு, "இல்லக்கா" என்றதும் வைத்துவிடுவாள். கணவர் வாட்ஸ்அப்பில் ஒரு கேள்விக்குறி மட்டும் அனுப்புவார். நான் பதிலுக்கு ஒரு கோடு போடுவேன்.

சனிக்கிழமை மாலை அக்கா ஒரு பையோடு சித்தூருக்கு வந்துவிட்டாள். பையில் நான்கு புடவைகள் இருந்தன.

"எதுக்குக்கா இத்தன?"

"வேலூருக்குப் போறதாயிருந்தா கூட ஆள் வோணாமா? அவன் லீவு போட்டு லீவு போட்டு எத்தினி நாளு வருவான்?" என்று சொல்லிவிட்டுப் புடவைகளை அலமாரியில் அடுக்கினாள். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னாள்: "நாந்தான துன்னாதேன்னு சொன்னேன். நாலு நாளு என்னாலதான போச்சு."

"நானுந்தான் துன்னாம இருந்தேன்" என்றேன். அவளிடம் பேசும்போது மட்டும் எனக்கு அந்தச் சொல் வரும்.

ஞாயிற்றுக்கிழமை காலை. நிறுத்திய ஆறாம் நாள். கணக்கின்படி அறுபத்திரண்டாம் நாள். கணவர் செய்தித்தாளைப் பிரித்து வைத்திருந்தார். அக்காவும் நானும் சமையலறைத் தரையில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தோம். அடிவயிற்றில் ஒரு பிடிப்பு. முதலில் நம்பவில்லை. மீண்டும் வந்தது. கத்தியை வைத்துவிட்டு எழுந்து போனேன். பார்த்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு சிறிது நேரம் நின்றேன்.

வெளியே வந்து, "அக்கா, வந்துடுச்சு" என்றேன்.

அக்கா கையிலிருந்த அவரைக்காயோடு எழுந்தாள். "சத்தியமா?"

"சத்தியமா."

"ஏழுமலையானே!" என்று ஒரு சத்தம் போட்டாள், தெருவில் போனவர்களுக்குக் கேட்டிருக்கும். "இத்தினி வருசமா வராத வராதன்னு மாத்திர துன்னோம். வா வான்னு கூப்ட்டது இப்பதான்டி!" என்று சொல்லி அழுதாள். கணவர் ஓடி வந்தார். செய்தித்தாள் கையிலேயே இருந்தது. அவருக்கு எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நான் அவர் பக்கம் ஓர் அடி வைத்தேன்.

"ஏய்!" என்றாள் அக்கா, கண்ணைத் துடைத்தபடியே. "அங்கியே நில்லு. அடுப்பாண்ட வராத. போய் அந்த ரூம்ல ஒக்காரு. தண்ணி நான் கொண்டாந்து தரேன்."

மூன்று நாள் விலகியிருப்பது எங்கள் வீடுகளில் இன்றும் உண்டு. சித்தூரில் தனிக்குடித்தனம் வந்தபின் நான் அதைத் தளர்த்திவிட்டேன். அக்கா வந்தால் மட்டும் கடைப்பிடிப்போம். அந்த வழக்கத்தைப் பற்றி எனக்குப் பல வழக்குகள் உண்டு. அவற்றை அன்று எழுப்பவில்லை. பாயை விரித்து, சன்னல் ஓரமாக உட்கார்ந்தேன். நாட்குறிப்பை எடுத்துப் புள்ளி வைத்தேன். பென்சில் முனை உடைந்து, தாளில் சிறு துளை விழுந்துவிட்டது. சமையலறையில் கணவர் அவரைக்காயை மிகப் பெரிதாக நறுக்குகிறார் என்று அக்கா திட்டிக்கொண்டிருந்தாள். "இத மாடு துன்னும்பா, மனுசன் துன்னுவானா?" அவர், "அண்ணி, இன்னிக்கு மட்டும் வுட்டுடுங்க" என்றார். வயிறு நன்றாக வலித்தது. அப்படி நிம்மதியாக நான் வலியோடு உட்கார்ந்திருந்ததில்லை.

ஐந்து நாள்களில் நின்றது. அம்மாவுக்கு நேர்ந்ததுபோல் நிற்காமல் போகுமோ என்று நாள்தோறும் எண்ணியிருந்தேன். அது எண்ணமாகவே முடிந்தது. அடுத்த சனிக்கிழமை மருத்துவர் மீண்டும் ஸ்கேன் பார்த்தார். படலம் மெலிந்து இயல்பாகிவிட்டது என்றார். எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டியதில்லை என்று சீட்டிலும் எழுதினார். இம்முறை நான் கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். அவர் பொறுமையாகப் பதினொரு கேள்விகளுக்கு விடை சொன்னார். "அடுத்த தடவை இதுல பாதியை முதல்லயே கேட்டுடுங்கம்மா" என்றார். வெளியே வந்து, பேருந்து நிலையத்துக்கு எதிரில் அக்காவும் நானும் ஆளுக்கொரு மசால் தோசை உண்டோம். அக்கா இரண்டாவதும் வாங்கினாள். வேலூருக்கென்று கொண்டு வந்த நான்கு புடவைகளில் ஒன்றைத்தான் அன்று உடுத்தியிருந்தாள்.

இனித் தெரியாதவை. அந்த மாதம் ஏன் தள்ளிப்போயிற்று என்பது தெரியவில்லை. தைராய்டுச் சோதனையில் குறையில்லை. வயது காரணமாக இருக்கலாம் என்றார் மருத்துவர், உறுதியாகச் சொல்லவில்லை. பதினெட்டு ஆண்டுகள் உண்ட மாத்திரைகளுக்கு இதில் பங்குண்டா என்று கேட்டேன். அப்படிச் சொல்லத் தம்மிடம் ஆதாரமில்லை என்றார். அம்மாவுக்கு முதலில் நின்றதற்கும் பின்பு வந்த நோய்க்கும் தொடர்பு இருந்ததா என்பதும் தெரியாது. அவருடைய மருத்துவச் சீட்டுகள் எதுவும் எங்களிடம் இல்லை. அதன்பின் இரண்டு முறை மருந்தில்லாமலே மாதவிலக்கு வந்திருக்கிறது. மூன்றாவது முறை எப்போது வரும் என்பது இதை எழுதும் நாளில் எனக்குத் தெரியாது.